பாம்பர் க்ரூல க்ரூ செத்துக்கிட்டே இருக்கா? அறிகுறியை வச்சு காரணத்தைக் கண்டுபிடிக்கிற வழிமுறை

பாம்பர் க்ரூங்கிற வீடியோ கேம் 2017 அக்டோபர்ல பிசிக்கு வந்துச்சு, அடுத்த வருஷம் பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் எல்லாத்துக்கும் வந்துச்சு. இரண்டாம் உலகப் போர், பிரிட்டிஷ் விமானப்படை, ஒரு லான்காஸ்டர் குண்டுவீச்சு விமானம், உள்ள ஏழு பேர். பைலட், இன்ஜினியர், நேவிகேட்டர், ரேடியோ ஆபரேட்டர், பாம்ப் எய்மர் (குறி பாத்து குண்டு போடுறவன்), ரெண்டு கன்னர் (துப்பாக்கியால சுடுறவங்க). அந்த ஏழு பேரையும் நீங்கதான் பாத்துக்கணும், செத்தா செத்ததுதான், திரும்பி வர மாட்டாங்க. பெரிய தலையும் குட்டி உடம்புமா இருக்கிறதைப் பாத்து குழந்தைங்க கேம்னு நினைச்சு உள்ள போறவங்க நாலஞ்சு மிஷன்லயே பேர் வச்சு வளர்த்த மொத்த க்ரூவையும் பறிகொடுத்துட்டு வெறுத்துப் போய் அன்இன்ஸ்டால் பண்றாங்க.

எனக்கு இந்த கேம் ரொம்பப் பிடிக்கும். அதனாலதான் இதோட டிசைன் மேல இருக்கிற கோபத்தையும் மறைக்காம எழுதுறேன். இதுல சாவுக்குக் காரணம் ரெண்டு வகை. ஒண்ணு போரோட கஷ்டம்: குளிரு, ஃபிளாக் (தரையில இருந்து சுடுற விமான எதிர்ப்பு பீரங்கி), தீ, எரிபொருள். அது நியாயமானது, அதுக்குத்தான் இந்த கேமையே வாங்கினோம். இன்னொண்ணு கேமோட பழக்கத்தால வர்றது. க்ரூவுக்கு நீங்க சொல்லாம ஒண்ணும் செய்யத் தெரியாது, ஆனா எதைச் சொல்லலங்கிறதையும் கேம் சரியா காட்டாது. எந்த சாவு எந்த வகைன்னு பிரிச்சுப் பாத்துட்டா பாதிப் பிரச்சனை தீர்ந்துடும். வேகமா கிளிக் பண்ணிப் பழகினா சரியாயிடும்னு சில பேர் சொல்லுவாங்க, நான் அதை ஒத்துக்க மாட்டேன். ஒரே நேரத்துல நீங்க கவனிக்க வேண்டிய விஷயங்களைக் கம்மி பண்றதுதான் நிஜமான தீர்வு, கீழ சொல்ற எல்லாமே அதுக்கான வழிதான்.

அறிகுறி: எதிரி விமானம் பக்கத்துலயே சுத்துது, கன்னர் சுடவே மாட்டேங்கிறான்

எல்லாரும் முதல்ல மாட்டுறது இங்கதான். கன்னர் தூங்கல, துப்பாக்கியும் உடையல. நீங்க அந்த விமானத்தை டேக் பண்ணல, அவ்வளவுதான். டேக் பண்ற வியூவுக்குப் போய், எதிரி விமானம் மேல பார்வையை வச்சு, அந்த வட்டம் நிறையிற வரைக்கும் நகராம பிடிச்சுக்கிட்டே இருக்கணும். நிறைஞ்சாதான் கன்னர் சுட ஆரம்பிப்பான். நாலு விமானம் வந்தா நாலையும் தனித்தனியா டேக் பண்ணணும், அதுவரைக்கும் வால் பக்கம் உக்காந்திருக்கிற கன்னர் தன் கண்ணு முன்னாடி வர்ற விமானத்தைப் பாத்துக்கிட்டு சும்மா இருப்பான்.

முதல்ல இதைச் சரிபாருங்க: கன்னர் தன்னோட டரெட்லதான் (சுழலுற துப்பாக்கிக் கூண்டு) உக்காந்திருக்கானா, துப்பாக்கிக்கு குண்டு மிச்சம் இருக்கா, டரெட்டைச் சுழற்றுற ஹைட்ராலிக்ஸ் அடி வாங்காம இருக்கா. மூணும் ஓகேன்னா டேக்தான் காரணம்.

அப்புறம் செய்ய வேண்டியது, ரேடியோ ஆபரேட்டரை அவன் சீட்டை விட்டு எழுப்பாதீங்க. எதிரி வர்றதை முன்கூட்டியே சொல்றது அவன்தான். தீயை அணைக்க ஆள் வேணும், மெட்கிட் (முதலுதவிப் பெட்டி) கொண்டு போக ஆள் வேணும்னா எல்லாரும் சும்மா உக்காந்திருக்கிற மாதிரி தெரியிற ரேடியோ ஆபரேட்டரைத்தான் அனுப்புறாங்க, அவன் எழுந்த நிமிஷத்துல இருந்து நீங்க குருடு, அடுத்த கூட்டம் தலைக்கு மேல வந்து சுட ஆரம்பிச்ச பிறகுதான் உங்களுக்கே தெரியும். லெவல் ஏறினா எதிரியைத் தானா டேக் பண்ற திறமை அவனுக்கு வரும், இந்த கேம்ல முதல்ல குறி வைக்க வேண்டிய திறமை அதுதான்னு நான் சொல்லுவேன், ஏன்னா உங்க கையில இருக்கிற ரொம்ப சலிப்பான வேலையை அது எடுத்துக்குது. ஸ்பிட்ஃபயரை, அதாவது பிரிட்டிஷ் சண்டை விமானத்தைத் துணைக்குக் கூப்பிடுற திறமையும் அவன்கிட்டதான் இருக்கு. அதை சாதாரண சண்டையில வீணாக்காம ரெண்டு மூணு பக்கத்துல இருந்து ஒரே நேரத்துல வர்றப்ப பயன்படுத்துங்க.

ஒரு வரிசை பழகிக்கோங்க. எச்சரிக்கை வந்ததும் வால் பக்கம் வர்றவனை முதல்ல டேக் பண்ணுங்க, ஏன்னா பின்னாடி டரெட்தான் பலமானது. நிஜ லான்காஸ்டர்லயும் வால் டரெட்ல நாலு .303 துப்பாக்கி, நடு மேல் டரெட்ல ரெண்டு, மூக்குல ரெண்டு. முன்னாடி இருந்து வர்றவன் எப்படியும் கடந்து பின்னாடி போவான், அப்ப பாத்துக்கலாம்.

இப்ப என் ஆதங்கம். நிஜத்துல லான்காஸ்டர் தப்பிச்சதே கன்னரோட கண்ணாலதான். ராத்திரி இருட்டுல ஒரு நிழல் அசையிறதைப் பாத்து முதல்ல கத்துறது அவன்தான், அவன் எந்தப் பக்கம்னு சொன்ன உடனே பைலட் விமானத்தை அந்தப் பக்கமா சாய்ச்சு கார்க்ஸ்க்ரூ போடுவான், அதாவது திருகு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு தப்பிப்பான். வெளிய இன்னும் நல்லா தெரியணும்னு டரெட்டோட கண்ணாடித் துண்டையே கழட்டிட்டு அந்தக் குளிர்ல உக்காந்திருந்த வால் கன்னர்கள் உண்டு. அப்படிப்பட்ட வேலையை எடுத்து, "நீ பாக்காத, ப்ளேயர் பாத்து சொல்லுவான்"னு கேம் மாத்தி வச்சிருக்கு. டேக் பண்றது ப்ளேயருக்கு ஒரு வேலை குடுக்கணும்னு சேர்த்ததுன்னு புரியுது, ஆனா லெவல் ஏறின கன்னராவது தன் பக்கம் வர்றவனைத் தானா பாத்து சுட்டிருக்கலாம். அனுபவம்னா அதானே.

அறிகுறி: தீயை அணைச்சாச்சு, அதுக்கப்புறம் எல்லாமே ஒண்ணொண்ணா கெட்டுப் போகுது

காரணம் ஏறக்குறைய எப்பவும் ஒண்ணுதான்: ஒரு சீட் காலியா இருக்கு. தீயணைக்க அனுப்பின ஆள் தீயை அணைச்சுட்டு கையில எக்ஸ்டிங்விஷரோட அங்கயே நிப்பான். மெட்கிட் கொண்டு போனவன் காயம்பட்டவனை எழுப்பிட்டு அவன் பக்கத்துலயே நிப்பான். எழுந்தவனும் தன் சீட்டுக்குத் தானா போக மாட்டான். இன்ஜினியர் ஹைட்ராலிக்ஸைச் சரி பண்ணிட்டு அதையே பாத்துக்கிட்டு இருப்பான், அந்த நேரத்துல இன்ஜின் பக்கம் என்ன ஆகுதுன்னு சொல்ல ஆளே இல்ல. நீங்களோ அடுத்த விமானத்தை டேக் பண்ற வியூல இருப்பீங்க, அந்த வியூல உள்ள யாரு எங்க நிக்கிறாங்கன்னு சரியா கண்ணுல படாது.

இந்த கேமோட பெரிய டிசைன் குறை இதுதான்னு நினைக்கிறேன். மத்த எல்லா அறிகுறிக்கும் அடியில இது ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும். "வேலை முடிஞ்சா உன் இடத்துக்குப் போ"ன்னு ஒரே ஒரு கட்டளை இருந்திருந்தா கேமோட கஷ்டம் துளி குறைஞ்சிருக்காது, எரிச்சல் பாதியாகியிருக்கும். பயிற்சி எடுத்த விமானப்படைக்காரன் சண்டை நடக்கிறப்ப தன் டரெட்டை விட்டுட்டு வேற இடத்துல வேடிக்கை பாத்துக்கிட்டு நிப்பானா?

பழகிக்க வேண்டியது என்னன்னா, ஒருத்தரை எழுப்பி அனுப்பினா அவர் திரும்பி உக்காருற வரைக்கும் அவரோட காலி சீட்டை மனசுல வச்சுக்கோங்க, ஒரே நேரத்துல ஒரு சீட்டுக்கு மேல காலியா விடாதீங்க. ரெண்டு இடத்துல தீ, ஒருத்தன் கீழ விழுந்து கிடக்கான்னா கூட ஒவ்வொண்ணா பண்ணுங்க. வரிசையும் சொல்லிடுறேன்: பைலட் சீட், தீ, விழுந்தவன், ஆக்சிஜன், ஹைட்ராலிக்ஸ், எலக்ட்ரிக்கல். விழுந்தவனுக்கு நேரம் ஓடிக்கிட்டு இருக்குன்னு மனசு பதறும், ஆனா தீ பரவினா அவனை எழுப்பப் போனவனும் சேர்ந்து விழுவான். நேரத்தை மெதுவாக்குற வசதி இருக்கு, கொஞ்ச நேரத்துக்குத்தான் வரும், அதை டேக் பண்ண செலவழிக்காம இந்த மாதிரி ஆள் மாத்துறப்ப செலவழிங்க. சண்டை ஓய்ஞ்சதும் ஏழு பேரையும் ஒரு தடவை வரிசையா பாத்துடுங்க, வால்ல ஆரம்பிச்சு மூக்குல முடிங்க.

யாரையாவது சீட்டை விட்டு எழுப்பி அனுப்பணும்னா நான் பாம்ப் எய்மரைத்தான் அனுப்புவேன். இலக்கைத் தொடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அவனுக்கு மூக்குத் துப்பாக்கியைத் தவிர பெரிய வேலை இல்ல. மெட்கிட், எக்ஸ்டிங்விஷர் ரெண்டும் அவன் பொறுப்புன்னு முடிவு பண்ணிட்டா யாரை எழுப்புறதுன்னு யோசிக்கிற நேரமும் மிச்சம். தூரம் போகணுமே, அவன் நடந்து போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடும்னு தோணும். உண்மைதான், விமானத்துக்குள்ள நடை மெதுவாதான் இருக்கும், ஆனா இந்த ஒரு விஷயத்துல கேமைக் குறை சொல்ல மாட்டேன். நிஜ லான்காஸ்டரோட நடுவுல றெக்கையைத் தாங்குற உத்தரம் குறுக்க ஓடும், கனமான உடையும் பூட்ஸும் போட்டுக்கிட்டு இருட்டுல அதைத் தாண்டித்தான் முன்னுக்கும் பின்னுக்கும் போகணும். எரியிற விமானத்துல இருந்து நிறைய பேரால வெளிய குதிக்க முடியாமப் போனதுக்கு அந்த உத்தரமும் ஒரு காரணம்.

அறிகுறி: இன்ஜின்ல தீ, இன்ஜினியரை றெக்கை மேல அனுப்பினேன், ஆளே காணோம்

றெக்கையில இருக்கிற ஆள் விமானம் சாயிறப்ப, அடி வாங்குறப்ப கீழ விழுவான். அதனால அவன் வெளிய இருக்கிற வரைக்கும் பைலட் கார்க்ஸ்க்ரூ போடக் கூடாது, திசை மாத்துற மாதிரி புது டேக்கும் வைக்கக் கூடாது. எதிரி இன்னும் சுட்டுக்கிட்டு இருக்கிறப்ப அனுப்பவே அனுப்பாதீங்க. நாலு இன்ஜின்ல ஒண்ணு போனா விமானம் பறக்கும், இன்ஜினியர் போனா மத்த மூணும் எப்ப போகும்னு தெரியாது. வெளிய அனுப்புறதுக்கு முன்னாடி பாராசூட் எடுத்துக்க வைங்க, விழுந்தாலும் உயிரோட திரும்பி வர ஒரு வாய்ப்பு இருக்கும். இன்ஜின்லயே தீயணைப்பு வசதி இருக்கிற அப்கிரேட் கைக்கு வந்ததும் முதல்ல அதை வாங்குங்க, கவசத்தை விட இது முக்கியம்.

பறக்குற விமானத்தோட றெக்கை மேல ஆள் நடக்கிறதாவது, கேம்ல சும்மா சேர்த்துட்டாங்கன்னு நினைக்காதீங்க. 1944 ஏப்ரல் 26 ராத்திரி ஜெர்மனியோட ஷ்வைன்ஃபர்ட் மேல குண்டு போட்டுட்டுத் திரும்புறப்ப ஒரு லான்காஸ்டர் றெக்கையில தீப்பிடிச்சுது. அதோட ஃப்ளைட் இன்ஜினியர் நார்மன் ஜாக்சன், சின்ன எக்ஸ்டிங்விஷரைச் சட்டைக்குள்ள சொருகிக்கிட்டு, பாராசூட்டை விமானத்துக்குள்ளயே விரிச்சு கூட இருந்தவங்க கயிறைப் பிடிச்சுக்க, மேல் கதவு வழியா வெளிய இறங்கி றெக்கைக்குப் போனாரு. எக்ஸ்டிங்விஷர் கைநழுவிப் போச்சு, தீயில கையும் முகமும் வெந்துச்சு, பாதி எரிஞ்ச பாராசூட்டோட கீழ விழுந்து உயிர் பிழைச்சு ஜெர்மன்காரங்ககிட்ட கைதியானாரு. போர் முடிஞ்ச பிறகு விக்டோரியா கிராஸ் குடுத்தாங்க. அதுக்கு முன்னாடி 1941 ஜூலைல வெலிங்டன் விமானத்துல ஜேம்ஸ் வார்டுங்கிற நியூசிலாந்துக்காரரும் இதே மாதிரி றெக்கைக்குப் போய் அதே பதக்கம் வாங்கினாரு. அதனால இந்த வேலை ஆபத்தா இருக்கிறது சரி. அவசரத்துல தப்பா கிளிக் ஆகி உள்ள ரிப்பேர் பண்ண வேண்டியவன் வெளிய ஏறிப் போறதுதான் தப்பு, அனுப்பின ஆள் எங்க போறான்னு ஒரு நொடி பாத்துட்டு அடுத்ததுக்குப் போங்க.

அறிகுறி: யாரும் சுடல, ஆனா க்ரூ ஒவ்வொருத்தரா மயங்கி விழுறாங்க

உயரத்துல இருக்கீங்க. ரெண்டு காரணத்துல ஒண்ணு, ஆக்சிஜன் சிஸ்டம் உடைஞ்சிருக்கு, இல்லன்னா குளிரு. எல்லாரும் ஏறக்குறைய சேர்ந்து தளர்ந்தா ஆக்சிஜன், ஒருத்தர் ரெண்டு பேர் மட்டும் மெதுவா தேய்ஞ்சா குளிரு.

ஆக்சிஜன்னா உடனே உயரத்தைக் குறைங்க, கீழ வந்த பிறகு நிதானமா ரிப்பேர் பண்ணிக்கலாம். மேலயே இருந்துக்கிட்டு இன்ஜினியரை அனுப்பினா அவனே போற வழியில விழுவான். குளிருன்னா அது ஹேங்கர்லயே பண்ண தப்பு. கடையில உடை வாங்குறப்ப கவசம் எவ்வளவுன்னு மட்டும் பாத்து வாங்கி மாட்டிடுறாங்க, ஆனா உடைக்கு வெப்பம், ஆக்சிஜன், நடக்கிற வேகம், தண்ணில மிதக்கிறதுன்னு தனித்தனியா கணக்கு இருக்கு. வால் கன்னருக்கு வெப்பம்தான் முதல்ல. நிஜத்துலயும் வால் டரெட்ல பூஜ்யத்துக்குக் கீழ 40 டிகிரி வரைக்கும் போகும், அதுக்காக மின்சாரத்துல சூடாகுற உடை குடுத்திருந்தாங்க. இன்ஜினியருக்கும் பாம்ப் எய்மருக்கும் வேகம் குறையாத உடை வேணும், அவங்கதான் ஓடியாடுறவங்க. பைலட்டுக்கு மட்டும் கவசத்தைக் கொட்டலாம், அவன் எங்கயும் நடக்கப் போறதில்ல.

அறிகுறி: விமானம் வழி தெரியாம நேரா போய்க்கிட்டே இருக்கு, இல்ல வட்டமடிக்குது

நேவிகேட்டர் வழியைக் கண்டுபிடிச்சு ஒரு குறி வைப்பான், அந்தக் குறியையும் நீங்கதான் டேக் பண்ணணும், அப்பதான் பைலட் திரும்புவான். சண்டையில டேக் பண்ணிக்கிட்டே இருக்கிறப்ப வழிக்குறி வந்து நிக்கிறது தெரியாமலே போயிடும், விமானம் கடல் மேலயோ எதிரி ஊர் மேலயோ நேரா போய்க்கிட்டே இருக்கும், எரிபொருள் கரையும். அதனால ஒவ்வொரு சண்டை முடிஞ்சதும் முதல் டேக் வழிக்குறிக்குன்னு வச்சுக்கோங்க.

குறியே வரலன்னா நேவிகேட்டர் சீட்ல இல்ல, இல்லன்னா வெளிய ஒண்ணும் தெரியல. கீழ நிலம் தெரியாம மேகம் மூடியிருந்தா அவனால கணக்குப் போட முடியாது, உயரத்தை மாத்திப் பாருங்க. இந்தப் பகுதி எனக்குப் பிடிச்சது. 1941 ஆகஸ்ட்ல பிரிட்டிஷ்காரங்களே எடுத்த பட் அறிக்கை சொன்னது என்னன்னா, இலக்கைத் தாக்கிட்டோம்னு சொன்ன விமானங்கள்ல மூணுல ஒண்ணுதான் இலக்குக்கு 5 மைல் சுத்துக்குள்ளயாவது போயிருந்துச்சு. ராத்திரில வழி கண்டுபிடிக்கிறது அவ்வளவு கஷ்டமான வேலை. அந்தக் கஷ்டத்தை கேம் நேவிகேட்டர் கையில விட்டது சரி, அவன் கண்டுபிடிச்ச வழியை ப்ளேயர் மறுபடி பாத்து அங்கீகரிக்கணுங்கிறதுதான் தேவையில்லாத ரெண்டாவது வேலை.

அறிகுறி: குண்டு எப்பவும் இலக்கைத் தாண்டி விழுது

பாதி நேரம் இது தாமதம். கதவைத் திறக்கச் சொல்ல மறந்திருப்பீங்க, இலக்கு கண்ணுல பட்ட பிறகு திறந்தா அது திறந்து முடியறதுக்குள்ள தாண்டிடும். பாம்ப் எய்மரைச் சீட்ல உக்கார வச்சு, கதவையும் இலக்குக்கு ரொம்ப முன்னாடியே திறந்து வச்சுடுங்க. இலக்கையும் டேக் பண்ணுங்க, விமானம் அதுக்கு மேலதான் போகணும். ஹைட்ராலிக்ஸ் உடைஞ்சிருந்தா கதவும் சிக்கல், அதனால இலக்குக்குப் போற வழியில அதைச் சரி பண்ணாம விடாதீங்க.

உயரம் முக்கியம். மேல இருந்து போட்டா குறி தவறும், கீழ போனா ஃபிளாக் பிரிச்சு எடுக்கும். பழகுற வரைக்கும் நடு உயரத்துல போங்க. தவறிடுச்சுன்னா அவசரப்பட்டு மிச்ச குண்டையும் கொட்டாம சுத்தி வாங்க, எரிபொருள் இருந்தா ரெண்டாவது சுத்து கேம்ல அனுமதிக்கப்பட்டதுதான். போட்டோ எடுக்கிற மிஷன்லயும் இதே கதை, படம் எடுக்கிறதும் பாம்ப் எய்மர்தான்.

அறிகுறி: எல்லாம் முடிஞ்சு ரன்வேல இறங்குறப்ப வெடிச்சுது

லேண்டிங் கியர். பைலட்கிட்ட தனியா சொல்லணும், தானா இறக்க மாட்டான். எலும்பும் தோலுமா வீட்டுக்கு வந்து சேர்ந்த விமானத்தை வாசல்ல பலி குடுக்கிறதுல எந்த விளையாட்டும் இல்லன்னு நினைக்கிறேன், பைலட்டுக்கு எத்தனை லெவல் ஏறினாலும் அவனுக்குச் சக்கரம் ஞாபகம் வராதுங்கிறது மன்னிக்க முடியாத டிசைன். இங்கிலாந்து கரை தெரிஞ்சதும் இறக்கிடுங்க. ஹைட்ராலிக்ஸ் போயிருந்தா அதுக்கு முன்னாடியே இன்ஜினியரை அனுப்புங்க. காயம்பட்டவங்களை எழுப்பி உக்கார வச்சுட்டு இறங்குங்க.

அறிகுறி: பாதி வழியில எரிபொருள் தீர்ந்துடுது

டாங்க் ஓட்டையாகியிருக்கும், இல்ல வழிக்குறியைத் தவறவிட்டு சுத்தியிருப்பீங்க, மேல சொன்ன மாதிரி. ஓட்டையைத் தானா அடைச்சுக்கிற டாங்க் அப்கிரேட் சீக்கிரமா வாங்கிடுங்க. இங்கிலாந்து வரைக்கும் வராதுன்னு தெரிஞ்சா கடல்ல போய் விழறதுக்கு முன்னாடி முடிவெடுங்க. தண்ணில இறங்குறதா இருந்தா மிதக்கிற உடை யார் யார் போட்டிருக்காங்கங்கிறதுதான் உயிரை முடிவு பண்ணும், அதை அந்த நேரத்துல மாத்த முடியாது.

அறிகுறி: வில்லன் பைலட் ஒருத்தன் வந்தா எல்லாம் முடிஞ்சு போகுது

ஏஸ்னு பேரோட வர்றவங்க. இவங்களுக்கு உயிர் ரொம்ப அதிகம், சாதாரணமா சுட்டா குண்டுதான் காலியாகும். எச்சரிக்கை வந்ததும் கன்னர்கள் எல்லாருக்கும் குண்டை நிரப்பிக்கோங்க, சண்டை நடுவுல வால் கன்னர் எழுந்து நடு உடம்புக்கு வந்து குண்டு எடுத்துக்கிட்டுத் திரும்பிப் போற தூரத்துல விமானம் சல்லடையாயிடும். குண்டு நேரா டரெட்டுக்குப் போற ஃபீட் அப்கிரேட் இருந்தா இந்தக் கவலையே வேணாம், வால்ல அதை முதல்ல போடுங்க. ஏஸை மட்டும் டேக் பண்ணிட்டுக் கூட வந்த சின்ன விமானங்களை விட்டுடுறது வழக்கமா நடக்கிறது. நான் தலைகீழா பண்ணச் சொல்லுவேன், சின்னதுகளை முதல்ல தீர்த்துட்டு, கன்னர்களோட சிறப்புத் திறமைகளையும் பைலட்டோட கார்க்ஸ்க்ரூவையும் ஸ்பிட்ஃபயரையும் ஏஸுக்காக சேர்த்து வைங்க.

ஏஸ் எப்ப வருவான்னு முன்கூட்டியே சொல்லாம சாதாரண மிஷன் நடுவுல இறக்கி விடுறது பயமா இருக்கும், அந்தப் பயம் எனக்குச் சரியாத்தான் படுது, ராத்திரி வானத்துல யாரு வருவான்னு எவனுக்கும் தெரியாது. அவன் வந்த பிறகும் டேக் வட்டம் நிறையக் காத்துக்கிட்டு நிக்க வேண்டியிருக்கு பாருங்க, எரிச்சல் அங்கதான்.

அறிகுறி: காசெல்லாம் போட்டு அப்கிரேட் பண்ணேன், முன்னாடியை விட மோசமா பறக்குது

எடை. கவசம், பெரிய டரெட், கூடுதல் சாமான் எல்லாம் சேர்ந்து இன்ஜினால தூக்க முடியாத அளவுக்குப் போயிருக்கும். இன்ஜினை முதல்ல ஏத்துங்க, அப்புறம் மத்தது. என் வரிசை இது: இன்ஜின், ஓட்டை அடைக்கிற டாங்க், வால் டரெட், ஆக்சிஜன், அதுக்கப்புறம்தான் கவசம். விமானம் விழுந்த பிறகு க்ரூ உயிர்பிழைக்க உதவுற புறா மாதிரியான சாமானுக்கும் கொஞ்சம் எடையை மிச்சம் வைங்க. விழுந்த இடத்தைச் சொல்ல புறா கொண்டு போறது நிஜத்துலயும் நடந்தது, 1942ல வட கடல்ல விழுந்த ஒரு விமானத்தோட க்ரூவை விங்கிங்கிற புறா வீடு திரும்பினதை வச்சுத்தான் தேடிக் கண்டுபிடிச்சாங்க.

பி-17ங்கிற அமெரிக்க குண்டுவீச்சு விமானத்தை வச்சு 2018ல வந்த விரிவாக்கத்துல ஆளும் அதிகம் துப்பாக்கியும் அதிகம், மேல சொன்ன காலி சீட் பிரச்சனை அங்க இன்னும் பெருசாகும். லான்காஸ்டர்ல பழகாம நேரா அங்க போகாதீங்க.

அறிகுறி: மொத்த க்ரூவும் போச்சு, திரும்ப ஆரம்பிக்க மனசு வரல

மிஷன் நடுவுல சேவ் பண்ண முடியாது, போனவங்களைத் திரும்பக் கொண்டு வரவும் முடியாது. இதை மாத்தணும்னு நிறைய பேர் கேக்குறாங்க, நான் கேக்க மாட்டேன். பிரிட்டிஷ் விமானப்படையோட குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்ட்ல பறந்தவங்க சுமார் 1,25,000 பேர், அதுல 55,573 பேர் செத்தாங்க. ஒரு டூர்னா 30 தடவை போய்ட்டு வரணும், முடிக்கிறதுக்குள்ள நிறைய பேர் போயிட்டாங்க, நிறைய பேருக்கு இருபது வயசு சொச்சம்தான். அவங்களைப் பத்தி ஒரு கேம் எடுத்துட்டு சாவை அழிக்கிற பட்டனையும் வச்சா அது வேற ஏதோ ஆயிடும். அதனாலதான் எனக்கு டேக் மேலயும் காலி சீட் மேலயும் இவ்வளவு கோபம். பேர் வச்சு, உடை மாத்தி, லெவல் ஏத்தி வளர்த்த வால் கன்னர் ஃபிளாக்ல செத்தா துக்கமா இருக்கும், அவன் மெட்கிட் போட்டு எழுந்த பிறகு டரெட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்லாததால செத்தா கேம் மேலதான் ஆத்திரம் வரும். துக்கம் வர வேண்டிய இடத்துல ஆத்திரம் வந்தா இத்தனை கவனமா பண்ண மத்த எல்லா வேலையும் வீணாகுது.

புது க்ரூ வந்ததும் செய்ய வேண்டியதைச் சொல்லிடுறேன். கதையை நகர்த்துற முக்கிய மிஷனுக்கு உடனே போகாதீங்க, ஆபத்து கம்மின்னு போட்டிருக்கிற மிஷன்களை எடுத்து அனுபவம் சேருங்க, ரேடியோ ஆபரேட்டருக்கும் இன்ஜினியருக்கும் திறமை வர்ற வரைக்கும் இதையே பண்ணலாம். போட்டோ மிஷன் கிடைச்சா விடாதீங்க, அதுல வர்ற உளவுத் தகவலை வச்சுத்தான் கடையில நல்ல சாமான் திறக்கும். காசு கம்மியா இருந்தா ஏழு பேருக்கும் சமமா உடை வாங்காம வால் கன்னருக்கு வெப்பம், பைலட்டுக்கு கவசம் ரெண்டையும் முடிச்சுட்டு மிச்சம் இருந்தா மத்தவங்களுக்குப் பாருங்க. லெவல் ஏறினவங்களுக்கு ரெண்டாவது வேலை கத்துக்குடுக்கிற வசதி வந்ததும் பாம்ப் எய்மருக்கு இன்ஜினியர் வேலையைக் குடுங்க, ஒருத்தன் றெக்கையில இருக்கிறப்ப இன்னொருத்தன் உள்ள இருப்பான்.